கோணலா இருந்தா நம்முது

என் அண்ணி போர்வை தைக்கிறவள். துணியைத் துண்டு துண்டாக வெட்டி, கட்டம் கட்டமாக இணைத்து, நடுவில் பஞ்சை மெல்லிசாகப் பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து எடுக்கிற ஒட்டுப்போர்வை. ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். வாங்க வருகிறவர்கள் நின்ற நிலையில் மூலையைப் புரட்டிப் பார்த்து, "இந்த எடத்துல கோடு கொஞ்சம் தள்ளிப்போச்சோ?" என்பார்கள். எனக்கு வாய் துறுதுறுக்கும். அண்ணி மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பாள்.

நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் என்றாலே குற்றம் கண்டுபிடிக்கப் பிறந்தவள் என்று ஒரு பேச்சு உண்டு. நானும் கண்டுபிடிப்பேன், ஆனால் என் அண்ணனிடம்தான் அதிகம் கிடைக்கும். இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். மத்தியானங்களில் போய், தைத்து முடித்த போர்வைகளுக்கு ஓரப்பட்டியைக் கையால் தைத்துக் கொடுப்பேன். மெஷினில் ஓரம் அடித்தால் அண்ணிக்குப் பிடிக்காது. "கையால தச்சாத்தான் போத்துறவங்களுக்குக் கழுத்துல உறுத்தாது" என்பாள். போர்த்துகிறவர்கள் யாரும் அதற்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கூடம்தான் தொழிற்சாலை. ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் துணி அடுக்கு, நடுவில் சாப்பாட்டு மேசை. அந்த மேசையிலேதான் வெட்டு, அதிலேதான் சாப்பாடு, அதிலேதான் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். துணியை எடுத்தால் தட்டு, தட்டை எடுத்தால் துணி. ஒரே மேசையில் இத்தனை வேலை நடக்கிறது என்றால், எங்கோ ஒருத்திக்கு இடுப்பு ஒடிகிறது என்று பொருள். சின்னவன் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான், குண்டூசி இருக்குமே. அண்ணன் சாப்பிடும்போது வாயிலிருந்து ஒரு நூலை உருவி, விளக்குக்கு நேரே பிடித்து, "இன்னிக்கு நீலம்" என்பான். பிள்ளைகள் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அதில் பாதிதான் சிரிப்பு.

அண்ணன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. எந்தச் சாமானைப் பார்த்தாலும் இதை எப்படிக் கட்டலாம், அடிபடாமல் எப்படி இறக்கலாம் என்றுதான் அவன் புத்தி போகும். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பெண்டாட்டி தைப்பதைப் பற்றி ஆபீஸ் முழுக்கப் பெருமை பேசுவான். ஆனால் குக்கர் விசில் அடித்தால் எழுந்திருக்க மாட்டான். "விசில் வருது" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து செய்தி வாசிப்பான். அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவாள். விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் ஒரு வரிசை தைத்துவிட அவள் கை பழகியிருந்தது.

அந்தக் கைக்கு வருவதெல்லாம் பிறத்தியார் விருப்பம். ஒருத்திக்கு நட்சத்திரம், ஒருத்திக்குக் கட்டம், ஒருத்திக்கு அவள் சோபாவின் நிறம். ஒரு விதவை அம்மாள் இறந்துபோன கணவரின் சட்டைகளை இஸ்திரி போட்டு எடுத்துவந்து, அவற்றையே போர்வையாகத் தைத்துத் தரச் சொன்னார். ஒரு சட்டைப்பையை அப்படியே விட்டுவைக்கச் சொன்னார். அண்ணி அந்தப் பையில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, அதை உள்ளங்கையால் நீவிவிட்டாள். ஆனால் யாருக்குத் தைத்தாலும் கோடு நேராக இருக்க வேண்டும், மூலையும் மூலையும் முத்தமிட வேண்டும். வாங்குகிறவர்கள் வேறு எதையும் பார்ப்பதில்லை.

இந்தத் தொழிலில் போர்வை கெட்டுப்போவதும் சாதாரணம். பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், சாயம் இறங்கும், கட்டங்கள் ஒன்றோடொன்று சேராமல் இழுத்துக்கொண்டு போகும். அதை யாருக்கும் கொடுக்க முடியாது. அது வீட்டுக்கு. பிள்ளைகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், பிறத்தியார் போர்வையில் ஏறி உருளக் கூடாது என்று அண்ணி ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாள். "நேரா இருந்தா அவங்களுது. கோணலா இருந்தா நம்முது." எழுத்துப் படிக்கும் முன்பே இரண்டும் இதைப் படித்துவிட்டன. விரித்த போர்வைக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "ம்மா, கோணல்! நம்முது!" என்று கூவிக்கொண்டு விழுந்து புரளும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வீட்டுக் கட்டில்களில் கோணல், இஸ்திரி மேசையில் கோணல், கதவிடுக்கில் குளிர் வராமல் சுருட்டிவைத்தது கோணல். அண்ணன் ஒரு கோணலை வெட்டி ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை போட்டிருந்தான். ஊருக்கெல்லாம் நேர் போர்வை தைத்தவளுக்கு வீட்டில் நேராக ஒன்று கிடையாது. அதைப் பற்றி அவள் குறைபட்டதும் கிடையாது.

ஒரு மத்தியானம் நான் போனபோது அவள் மடியில் வேறு ஏதோ இருந்தது. மெஷின் ஓடவில்லை. கைத்தையல். அளவுகோல் கிட்டத்திலேயே இல்லை. சாம்பல், பழுப்பு, பாசி நிறங்களில் துண்டுகள்.

"என்ன அண்ணி இது?"

"எதிர்வீட்டுப் பின்சுவரு."

சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் பின்பக்கம்தான் தெரியும். ஈரம் ஊறிக் காரை பெயர்ந்த சுவர். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு இறங்கும் குழாய்கள். உச்சியில் ஒரு சின்ன ஜன்னல், சாயங்காலம் ஆனால் அதில் மஞ்சள் வெளிச்சம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டு அவள் பார்த்தது அதைத்தான். அதை அப்படியே துணியில் கொண்டுவந்திருந்தாள். காரை பெயர்ந்த இடத்துக்குத் துணியின் வெளுத்த மறுபக்கம். குழாய்க்கு முறுக்கிய பட்டி. எந்தத் துண்டும் பக்கத்துத் துண்டோடு நேராகச் சேரவில்லை. ஒவ்வொரு கோணலையும் யோசித்து யோசித்து வைத்திருந்தாள். அந்த மஞ்சள் ஜன்னலுக்கு, விதவை அம்மாளின் கணவர் சட்டைகளில் மிஞ்சிய ஒரு துண்டு, அவரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தது. எனக்குக் கலை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அதைப் பார்த்ததும், பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த என் கை வலித்தது.

"யாருக்கு அண்ணி?"

"யாருக்கும் இல்ல" என்றாள், திருடி மாட்டிக்கொண்ட சிறுமி மாதிரி.

மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்ததற்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கும் நடுவில் கிடைக்கிற நேரம்தான் அதற்கு. அவசர ஆர்டர் வந்தால் அந்த நேரமும் போய்விடும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் போய்விடும். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் மாதம் முழுக்கப் போய்விடும். அப்படியும் வருஷக்கணக்கில் அது வளர்ந்தது.

ஒருநாள் தலைவலி என்று அண்ணன் சீக்கிரம் வந்துவிட்டான். அது விரித்துக் கிடந்தது. நின்று பார்த்தான். உண்மையான கவலையோடுதான் கேட்டான்.

"அடடா, எந்த எடத்துல தப்பாச்சு? பிரிச்சுத் தைக்க முடியாதா?"

"தப்பாகல. வேணும்னுதான் இப்படி."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். நீ ஆடத் தெரிஞ்சவ, உனக்கென்ன?"

கேலிதான், வேறு ஒன்றும் இல்லை. அண்ணி அதை மடித்தாள். அன்றிலிருந்து அது ஒரு பழைய தலையணை உறைக்குள் போய், பின் அறையில் இருந்த இரும்பு பீரோவின் தலைமேல் ஏறிக்கொண்டது. அவன் இல்லாத நேரத்தில் இறங்கும், வருவதற்குள் ஏறிவிடும்.

"அவன்கிட்ட எடுத்துச் சொல்லுங்களேன்" என்றேன் நான்.

"சொன்னாப் போதாது, புரிய வைக்கணும். புரிய வைக்கிற நேரத்துல நாலு வரிசை தச்சிடலாம்."

ஆர்டர் கொடுக்க வந்த ஓவிய டீச்சர் ஒருத்தர்தான் அதைத் தற்செயலாகப் பார்த்தார். மூலையைப் புரட்டவில்லை. எட்டி நின்று பார்த்தார், பிறகு கிட்டே வந்து பார்த்தார், அப்புறம் நேரே சமையலறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தார். துணியில் செய்த கலைப்பொருள்களுக்கு ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது, இதை அனுப்பியே ஆக வேண்டும் என்றார். என் போனில்தான் படம் எடுத்து அனுப்பினோம். தேர்வாகிவிட்டது, தொங்கவிட ஒரு கழியோடு சனிக்கிழமை கொண்டுவந்து தரவும் என்று பதில் வந்தது. அண்ணி அதைப் படித்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பப் படித்தாள். அன்றைக்குத்தான் அவள் முழுசாகச் சிரித்து நான் பார்த்தேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். "நான் தச்ச போர்வை ஒண்ணு கண்காட்சிக்கு எடுத்திருக்காங்க. சனிக்கிழமை குடுக்கணும்."

அண்ணன் டிவியை அணைத்தான். அணைத்தான் என்று நானே சாட்சி சொல்வேன். "அப்படிப் போடு! இனிமே நம்ம வீட்ல ஒரு பெரிய ஆளு" என்றான். கல்லூரியில் படிக்கிற பெரியவள் எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எந்தப் போர்வை என்று யாரும் கேட்கவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. மேடை கோணல் என்ற அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்திருக்க வேண்டும். கண்காட்சியில் சுவரில் தொங்கும்போது பார்க்கட்டும், அப்போது தானாகப் புரியும் என்று என்னிடம் சொன்னாள்.

அந்த வாரம் மெஷினில் இருந்தது டாக்டர் வீட்டம்மாவின் ஆர்டர். நீலமும் வெள்ளையுமாக நட்சத்திரங்கள், ஒவ்வொரு முனையும் ஊசி மாதிரி. அண்ணன் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தான். "ஏய், கையக் கழுவிட்டு வா, அம்மா போர்வை அங்க இருக்கு" என்று சின்னவனை அதட்டினான். ஆபீஸிலிருந்து பெரிய பிளாஸ்டிக் உறை கொண்டுவந்து, முடித்த போர்வையைத் தானே மடித்து உள்ளே வைத்தான். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் உங்க அண்ணன் போர்வையைப் போர்வையாப் பாக்குறார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளும் நானும் தச்சுப்பட்டறைக்குப் போய்க் கழி வாங்கினோம். வழவழவென்று இழைத்த கழி. தெருவில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். "அண்ணி, சண்டைக்குப் போற மாதிரி இருக்கீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வந்தோம்.

வாசலில் பழைய சாமான் கடைக்காரரின் வண்டி நின்றது. மாடிப்படியில் ஒரே சத்தம். மேலே அண்ணன், பக்கவாட்டில் சின்னவன், கீழே கடைக்காரர், நடுவில் பின் அறை பீரோ. அதன் கண்ணாடிக் கதவைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது ஒரு போர்வையின் பாதி. படிக்குப் படி சறுக்குவதற்காக அடியில் கொடுத்திருந்தது இன்னொரு பாதி. அடியில் இருந்தது துரு அப்பி, கிழிந்து, பஞ்சு வெளியே வந்திருந்தது. கயிற்றுக்குக் கீழே நசுங்கிக்கொண்டு தெரிந்த மஞ்சள் ஜன்னலை நான்தான் முதலில் பார்த்தேன்.

அண்ணி கழியைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்குள்ள வந்துட்டியா!" என்றான் அண்ணன், வேர்த்து வழிய. "நீ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேன். பின் ரூம் இனிமே உனக்குத்தான். மெஷினு, துணி எல்லாம் அங்க போட்டுக்க. லைட்டுக்குக்கூட ஆள் சொல்லிட்டேன். கண்காட்சிக்குப் போறவ சாப்பாட்டு மேசைல தைக்கலாமா?"

எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, கண்ணாடி உடைந்துவிட்டது என்று நாங்கள் பயப்படுவதாக நினைத்துக்கொண்டான்.

"கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல. பாரு, ஒரு கீறல் கிடையாது."

"எதுல வெட்டுனீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"உன் பெரிய கத்தரிதான். பஞ்சோட சேத்து என்னமா வெட்டுது!"

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். "நாளைக்குக் கண்காட்சிக்குப் போகவேண்டியது இதுதான்!"

அண்ணன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதுவா? அது உள்ள பத்திரமா இருக்கே. நட்சத்திரம் போட்டது. நானே கவர் போட்டு வச்சேனே."

"அது டாக்டர் வீட்டுது" என்றாள் அண்ணி.

அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பீரோவைப் பிடித்த கையை விடவும் முடியவில்லை அவனால், விட்டால் சின்னவன் மேல் சாயும். அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னான், "அன்னிக்கே கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். கோணலா இருந்துச்சே. கோணலா இருந்தா நம்முதுதானே?"

மாடிப்படித் தலைப்பில் பெரியவள் அழுதுகொண்டு நின்றாள். "நானும் பாத்தேம்மா. நானும் அப்படித்தான் நெனச்சேன். நீதானே சொல்லிக்குடுத்தே?"

கடைக்காரருக்குக் கை வலித்திருக்கும் பாவம். "அந்தப் போர்வையையும் எடுத்துக்கவாம்மா?" என்றார். "வண்டிக்கு அடில போட ஆகும்."

"வேண்டாங்க. அது வீட்டு உபயோகத்துக்கு" என்றாள் அண்ணி.

அவன் வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்! பொறாமையில் வெட்டினான், குடித்துவிட்டு வெட்டினான் என்றால் ஆயுசுக்கும் வைத்துத் திட்டலாம். இவன் பெண்டாட்டிக்கு அறை ஒதுக்கிக் கொடுக்கப் போய் வெட்டினான். அன்பாக வெட்டினான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து, அவள் தைத்ததையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு தூங்கி, அவள் கை தவறியது எது, அவள் மனசு போனது எது என்று தெரியாமலே அன்பாக இருந்திருக்கிறான். இதற்கு யாரிடம் போய் வழக்குச் சொல்வது?

சாயங்காலம் அவனே அந்த இரண்டு பாதிகளையும் தட்டி உதறி மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். "ஒட்டுறதுதானே உன் தொழிலு" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னான். "ரெண்டையும் ஒட்டிட முடியாதா? துரு போக நான் துவைச்சுத் தர்றேன். இல்லேன்னா அந்த நட்சத்திரத்தையே நாளைக்குக் கொண்டுபோ. அவங்களுக்கு வேற தச்சுக் குடுக்கலாம்."

அண்ணி வெட்டுப்பட்ட ஓரத்தை விரலால் தடவினாள். என் அண்ணன் வேலையில் சுத்தம், பிசிறு இல்லாமல் நேராக வெட்டியிருந்தான். அந்தப் போர்வையிலேயே நேரான கோடு அது ஒன்றுதான்.

"ஒட்டலாம்" என்றாள். "ஒட்டினா இந்தக் கோடுதான் தெரியும்."

மறுநாள் ஓவிய டீச்சருக்குப் போன் செய்தாள். கெட்டுப்போய்விட்டது டீச்சர், வராது, என்றாள். அவர் ஏதேதோ கேட்டார். இவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுப்பில் விசில் வந்ததும் வைத்துவிட்டாள். நட்சத்திரப் போர்வையை எடுக்க டாக்டர் வீட்டம்மா வந்தபோது மூலையைப் புரட்டிப் பார்த்து, கோடு நேராக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அறை தயாராகிவிட்டது. ஜன்னல் கிடையாது, ஆனால் அண்ணன் போட்டுக்கொடுத்த விளக்கில் நூல் கோப்பது சுலபம். வெட்ட ஒரு நீள மேசையும் வாங்கிப் போட்டான். விசில் வந்தால் இப்போதெல்லாம் அவனே எழுந்துபோய் அடுப்பை அணைக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் கதவைத் திறந்து காட்டி, "இது அவளுக்குன்னே ஒதுக்கினது" என்கிறான். சாப்பாட்டில் நூல் வருவதில்லை. ஆர்டர்கள் முன்பைவிட அதிகம். இவ்வளவு நல்லது நடந்திருக்கிற வீட்டில் நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரப்பட்டி தைக்கிறேன்.

போன வாரம் கேட்டேன். "புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாமே அண்ணி? உங்களுக்குன்னு. இப்பதான் ரூம் இருக்கே."

மேலடுக்கிலிருந்து நூல்கண்டு எடுக்க அவள் எழுந்தாள். அப்போதுதான் அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்தேன். மெத்தென்று இருக்க எதையோ நாலாக மடித்துப் போட்டிருந்தாள். நடுவில் மஞ்சளாக ஒரு சின்னச் சதுரம், உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்துப் போயிருந்தது.

"ஐயோ அண்ணி, இதுமேலயா உக்காருறீங்க?"

திரும்பிப் பார்த்தாள். குனிந்து, ஒதுங்கியிருந்த ஒரு மூலையை இழுத்துச் சரிசெய்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"நம்முதுதானே" என்றாள், அளவுகோலை எடுத்து அடுத்த துணியின்மேல் வைத்துக்கொண்டே.